ஆமை புகுந்த வீடு

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ச்சு. மதியப் பந்திக்கு இன்னும் நேரம் கிடந்தது. கூடத்து மூலையில் பிள்ளைகள் அன்பளிப்புப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பையைத் தள்ளிக்கொண்டு சிரிக்கிற பொம்மை மட்டும் மூன்று, மூன்றும் வேறு வேறு உயரம். கையை ஆட்டுகிற பூனை ஒன்று. கண்மூடிய புத்தர் தலை ஒன்று, கழுத்தோடு சரி. கடைசிப் பெட்டியில் ஒரு கண்ணாடித் தட்டும், அதில் வைக்கப் பொன்னிறத்தில் ஒரு ஆமையும். அதைக் கொண்டுவந்த மச்சானுக்குச் சென்னையில் வேலை. தட்டில் தண்ணீர் ஊற்றி, ஆமையை அதில் விட்டு, முகம் வடக்கே பார்க்கிற மாதிரி கூடத்தில் வைத்தால் வீட்டில் காசு நிற்கும் என்று செய்முறையும் சொன்னார்.

ஊஞ்சலில் இருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள். “ஏட்டி, அதை மொதல்ல எடுத்து வெளிய வையி. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் வெளங்குமா?”

“ஆச்சி, இது சீனாக்காரன் ஆமை. அவங்களுக்கு அதிர்ஷ்டம்.”

“எந்தூரு ஆமையா இருந்தா என்ன, ஆமைதான?”

கூடமே சிரித்தது. எனக்கு மட்டும் ஆச்சியின் கேள்வி மனசில் உட்கார்ந்துகொண்டது. ஒரே பிராணி ஓர் ஊரில் காசைக் கொண்டுவருகிறது, இன்னோர் ஊரில் அமீனாவைக் கொண்டுவருகிறது. பொம்மை என்னவோ ஒன்றுதான்.

முதலில் சீனத்து ஆமையைப் பார்ப்போம். மூவாயிரம் ஆண்டுக்கு முன், ஷாங் அரசர்கள் காலத்தில், குறி கேட்க ஆமையின் அடியோட்டைச் சூடு காட்டி, அதில் விழும் வெடிப்பை வைத்துப் பலன் சொன்னார்கள். கேட்ட கேள்வியை அந்த ஓட்டிலேயே கீறியும் வைத்தார்கள். இன்று கிடைக்கிற மிகப் பழைய சீன எழுத்துகளில் பெரும்பகுதி அப்படி ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் கீறியவைதான். வளைந்த மேலோடு வானம், தட்டையான அடியோடு பூமி என்றும் கண்டார்கள். நெடுநாள் வாழ்கிற பிராணி என்பதால் தீர்க்காயுசுக்கும் அதுவே அடையாளம்.

அந்த வடக்குத் திசைக்கும் காரணம் உண்டு. அது ஃபெங் சுயி சொல்கிற விதி. ஃபெங் சுயி என்றால் ‘காற்று, நீர்’ என்றுதான் பொருள். வீட்டுக்கும் கல்லறைக்கும் இடம் பார்க்கிற கலையாக வளர்ந்தது அது. சீனத்தின் வடபுலத்தில் குளிர்காலக் காற்று வடக்கிலிருந்து அறையும். அதனால் வீட்டுக்குப் பின்னால் வடக்கே ஒரு மலை, முன்னால் தெற்கே தண்ணீரும் வெயிலும் இருந்தால் உத்தமம். முதுகைக் காக்கிற அந்த மலைக்குத்தான் கருப்பு ஆமை என்று பெயர். பாம்பு சுற்றிய ஆமையாக அதை வரைவார்கள். நமக்கு மலை இருப்பது மேற்கே, பொதிகை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கதவைப் படார் படாரென்று சாத்துகிற காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. பெருமாள்புரத்து ஆமை வடக்கே பார்த்து எந்தக் காற்றைத் தடுக்கப் போகிறது?

இனி ஆச்சியின் ஆமை. அமீனா என்பவர் கோர்ட்டு உத்தரவோடு ஜப்திக்கு வருகிறவர். சொல்லே அரபியிலிருந்து வந்தது, எனவே பழமொழி இந்த வடிவத்தில் ரொம்பப் பழசாக இருக்க முடியாது. பட்டிமன்ற மேடைகளில் இதற்கு ஒரு விளக்கம் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள்: ஆமை என்றால் கல்லாமை, பொறாமை, இயலாமை, அவை புகுந்த வீடுதான் உருப்படாது என்று. அழகான சிலேடை. ஆனால் பழமொழி வந்த பிறகு கட்டிய சிலேடை என்றே எனக்குப் படுகிறது, ஏனென்றால் பக்கத்தில் நிற்கிற அமீனாவுக்கு அதில் வேலையே இல்லை. ஐம்புலனை அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையைத்தான் உவமை சொன்னார். பெருமாளே ஆமையாக வந்து மலையைத் தாங்கினார் என்று புராணம் சொல்கிறது. கோயிலில் கும்பிடலாம், குறளில் படிக்கலாம், வீட்டுக்குள் மட்டும் விடக்கூடாது! சீனர்களும் இதில் ஒழுங்கில்லை. இவ்வளவு பெருமை கொடுத்த ஆமையை வைத்தே ‘ஆமை முட்டை’ என்று ஒரு கெட்ட வசவும் வைத்திருக்கிறார்கள்.

சிலேடை என்றதும் நினைவுக்கு வருகிறது. சீன அலங்காரப் பொருள்களின் பாதி அர்த்தம் சிலேடையில்தான் இருக்கிறது, இதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. சீன மொழியில் வௌவாலுக்கு ‘ஃபூ’ என்று பெயர், நற்பேற்றுக்கும் அதே ஒலி. அதனால் ஐந்து வௌவால் போட்ட ஜாடி அங்கே மங்கலப் பொருள். மீனுக்கு ‘யூ’, தேவைக்கு மேல் மிஞ்சுவதற்கும் ‘யூ’, ஆகவே மீன் பொம்மை. குடுவை ‘பிங்’, அமைதி ‘பிங்’. யானை ‘ஷியாங்’, மங்கலம் என்ற சொல்லும் ஏறக்குறைய அப்படியே ஒலிக்கும். முதுகில் குடுவை சுமந்த பீங்கான் யானையைக் கூடத்தில் வைப்பது அவர்களுக்கு ஒரு வாழ்த்தை எழுதித் தொங்கவிடுவது போல. அந்த யானை கடல் தாண்டி இங்கே வந்து இறங்கும்போது சிலேடை துறைமுகத்திலேயே தங்கிவிடுகிறது, யானை மட்டும் வீட்டுக்கு வருகிறது. வௌவால் கதை இன்னும் மோசம். நம் பேச்சில் வௌவால் அடைந்த வீடு என்றால் ஆளில்லாமல் பாழடைந்த வீடு.

காந்தியின் மேசையில் இருந்த மூன்று குரங்கும் இந்த வகைதான். ஜப்பானில் நிக்கோ என்ற ஊரில் தோஷோகு ஆலயத்தின் குதிரை லாயத்து மேல் பதினேழாம் நூற்றாண்டில் செதுக்கிய குரங்குகள் இருக்கின்றன. பார்க்காதே, கேட்காதே, பேசாதே என்பதை ஜப்பானியத்தில் சொல்லும்போது ஒவ்வொன்றும் ‘ஸாரு’ என்று முடியும். ‘ஸாரு’ என்றால் செய்யாமல் என்று பொருள், குரங்குக்குப் பெயர் ‘சாரு’. இந்த ஒலிப்பொருத்தத்தில்தான் குரங்கு அங்கே வந்து உட்கார்ந்தது. மொழி வேறாக இருந்திருந்தால் மூன்று கிளியோ மூன்று கழுதையோ இருந்திருக்கும்.

இப்போது தொப்பைக்காரருக்கு வருவோம். நெல்லைக் கடைகளில் அவருக்குப் பெயர் குபேரன். டவுன் ரதவீதியில் ஒரு ஃபேன்சி கடையில் ‘சிரிக்கும் புத்தர்’ என்று கேட்டேன். கடைப்பையன் ஒரு நொடி யோசித்துவிட்டு, “குபேரன் பொம்மையாண்ணே?” என்று எடுத்துக் கொடுத்தான். அவர் குபேரனும் இல்லை, நாம் நினைக்கிற புத்தரும் இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் சீனத்தின் ஜெஜியாங் பக்கம் ஃபெங்ஹுவா வட்டாரத்தில் சுற்றித் திரிந்ததாகச் சொல்லப்படும் ஒரு பரதேசித் துறவி. பெயர் புதாய். அந்தச் சொல்லுக்குத் துணிப்பை என்று அர்த்தம், நம்ம ஊர்க் கணக்கில் ‘சாக்குப்பைச் சாமி’. கிடைத்ததையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் பின்னால் ஓடிவர, எங்கே தூக்கம் வருகிறதோ அங்கே படுத்துக்கொள்வாராம். இனி வரப்போகிற மைத்ரேய புத்தர் இவர்தான் என்று அவர் காலத்துக்குப் பிறகு நம்பத் தொடங்கினார்கள். சீனக் கோயில்களில் மைத்ரேயர் தொப்பையோடு உட்கார்ந்திருப்பது இதனால்தான். ஜப்பானில் இவரே ஹொத்தேய், ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருவர்.

பையில் ஒன்றுமில்லாமல் திரிந்த ஆளை நாம் செல்வத்துக்கு அதிபதியாக்கிவிட்டோம். இதில் தப்பேதும் நடந்ததாக நான் நினைக்கவில்லை, நம் கண் அப்படிப் பழகிய கண். நவராத்திரிக் கொலுவில் அரிசி, பருப்புக் குவித்துக் கடை விரித்திருக்கும் செட்டியார் பொம்மைக்குத் தொந்தி உண்டு. பிள்ளையாருக்குத் தொந்தி. நம் சிற்பத்துக் குபேரனுக்கும் தொந்தி, கையில் பணப்பை. பஞ்சம் பார்த்த நாட்டில் நிறைந்த வயிறு நிறைந்த குதிருக்குச் சமம். சீனத்துச் சாமியார் தொந்தியோடும் பையோடும் வந்து நின்றதும் “அட, நம்ம குபேரன்” என்று ஆசனம் போட்டுக் கொடுத்துவிட்டோம். இந்தப் பொம்மையைக் காசு கொடுத்துத் தானே வாங்கினால் பலிக்காது, யாராவது கொடுக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது. வியாபாரிக்கு இதைவிட நல்ல நம்பிக்கை வாய்க்காது. பால்காய்ச்சு வீட்டில் மூன்று சேர்ந்த கதை அதுதான்.

தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தப் பொம்மைகள் ஃபெங் சுயி என்ற பேச்சு இங்கே வருவதற்கு முன்பே உண்டு. சிங்கப்பூர் போன ஆண்களின் பெட்டியில் கோடாலித் தைலத்தோடும் கைலியோடும் வந்தவை. அப்போது அதற்குத் திசையும் கிடையாது, விதியும் கிடையாது. ‘சிங்கப்பூர் பொம்மை’, அவ்வளவுதான். கண்ணாடி அலமாரியில் காப்பிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சிங்கப்பூரின் பெயரிலேயே நம் சிங்கம் இருக்கிறது. அங்கே காட்டுச் சிங்கம் இருந்ததில்லை. மீன் உடம்பும் சிங்கத் தலையுமான அவர்களது சின்னம் 1964-இல் சுற்றுலாத் துறைக்காக வரையப்பட்டது, பெரிய சிலை 1972-இல் வந்தது. சீன ஓட்டல் வாசலில் ஜோடியாக நிற்கிற சிங்கங்களும் அப்படியே. சீனத்துக்கும் சிங்கம் சொந்த விலங்கு இல்லை. பௌத்தம் போன பாதையில் இந்தியாவிலிருந்து சிங்கத்தின் உருவமும் மதிப்பும் போயின, நேரில் பார்க்காத விலங்கைச் சிற்பிகள் சுருள் முடி வைத்து, நாய்க்கும் சிங்கத்துக்கும் நடுவில் ஏதோவாகச் செதுக்கினார்கள். காலடியில் பந்து இருந்தால் ஆண், குட்டி இருந்தால் பெண். ஒற்றையாக வாங்கி வைப்பவர்கள் பாதிக் குடும்பத்தைத்தான் வாங்கி வந்திருக்கிறார்கள். ஜப்பானியக் கோயில் வாசல் ஜோடியில் ஒன்று வாயைத் திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். திறந்த வாய் ‘அ’, மூடிய வாய் ‘ம்’. சமஸ்கிருத எழுத்து வரிசையின் தொடக்கமும் முடிவும் அவை என்று சொல்வார்கள். யாளியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த முகம் அந்நியமாகவே படாது.

ஆனால் காவல் என்று வந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையின் வழக்கம் வேறு. ஊர்க்கோடியில் சுடலைமாடனுக்குப் பல இடங்களில் முகமே கிடையாது. செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டி வெள்ளையடித்த, மேலே போகப் போகக் குறுகுகிற ஒரு பீடம், அவ்வளவுதான். மாலை போட்டு, சந்தனம் பூசி, கொடை நாளில் அதன் முன்னால் நிற்கிறவர்களுக்கு எந்தச் சிங்கமும் அந்தப் பயத்தைக் கொடுக்காது. அதைச் சின்னதாகச் செய்து கூடத்தில் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றவும் வேண்டாம்.

பூனையைப் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானில் எடோ காலம் என்று சொல்லும் பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையான காலத்தில் தொடங்கியது, டோக்கியோவின் கோத்தோகுஜி கோயில் தன் பூனைதான் முதல் பூனை என்று கதை சொல்கிறது. வலது கை தூக்கியிருந்தால் பணத்தை அழைக்கிறது, இடது கை என்றால் வாடிக்கையாளரை. மேல்நாட்டில் பலருக்கு அது டாட்டா காட்டுவதாகத் தோன்றுமாம், அவர்கள் கூப்பிடும்போது உள்ளங்கையை மேலே வைப்பவர்கள். நாமும் ஜப்பானியர் மாதிரி உள்ளங்கையைக் கீழே வைத்து விரலை அசைத்து “வா வா” என்போம். எனவே நெல்லையில் அந்தப் பூனைக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். குறுக்கே போகாதவரை ஆச்சிக்கும் ஆட்சேபம் இல்லை.

புத்தர் தலை எனக்கு ஒப்பவில்லை. அன்றைக்கு அதைப் பார்த்ததும் ஆச்சி கேட்டது, “தலை இருக்கு, முண்டம் எங்கட்டி?” சரித்திரக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி. முழு உருவம் செய்து தலையை மட்டும் தனியே வைக்கும் வழக்கம் பௌத்த நாடுகளில் வழிபாட்டிலிருந்து வந்ததில்லை. 1767-இல் பர்மியப் படை அயுத்தயா நகரை அழித்த பிறகு அங்கே கிடந்த சிலைகளின் தலைகளும், கம்போடியாவிலும் ஜாவாவிலும் சிதைந்த கோயில்களின் தலைகளும் அறுக்கப்பட்டு, தூக்கிப் போக வசதியாகச் சேகரிப்பாளர்களிடமும் அருங்காட்சியகங்களிடமும் போய்ச் சேர்ந்தன. அங்கே பீடத்தில் தலையை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தலையே ஒரு கலைப்பொருள் ஆயிற்று. இன்று அச்சில் வார்க்கிற தலை அந்தக் களவின் நகல். தாய்லாந்திலிருந்து புத்தர் உருவத்தை வெளியே கொண்டுபோக இப்போது அனுமதி வாங்க வேண்டும்.

நம் வழக்கப்படியும் அது இடறும். பின்னமான சிலையைப் பூசையில் வைக்க மாட்டோம், நீரில் விட்டுவிடுவோம். அதற்கும் மேலே, புத்தர் சிலையில் சேதி இருப்பது கையில். வலது விரல்கள் தரையைத் தொட்டால் ஞானம் பெற்ற அந்த இரவுக்குப் பூமியைச் சாட்சிக்கு அழைக்கிறார். உள்ளங்கை முன்னால் காட்டினால் அஞ்சாதே. மடியில் இரு கையும் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் தியானம். தலையில் மிஞ்சுவது இரண்டுதான்: உச்சியில் ஞானத்தைக் காட்டும் மேடு, கனத்த குண்டலம் போட்டு இழுபட்டு, அரச வாழ்வைத் துறந்தபின் வெறுமையாகத் தொங்குகிற காது மடல். அந்தக் காதைக் கொஞ்ச நேரம் பாருங்கள், கழற்றிப் போட்ட நகையின் கனம் தெரியும்.

பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. கழுகுமலைப் பாறையில் எட்டாம் நூற்றாண்டை ஒட்டிச் செதுக்கிய வரிசை வரிசையான அமர்ந்த உருவங்களைப் பார்த்து “புத்தர், புத்தர்” என்று படம் எடுப்பவர்கள் உண்டு. தலைக்கு மேல் முக்குடை, உடம்பில் ஆடை இல்லை, எல்லாம் சமணத் தீர்த்தங்கரர்கள். தமிழ்நாட்டுக்கு என்று தனிப் புத்தரும் உண்டு. நாகப்பட்டினத்தில் 1856 முதல் தோண்டத் தோண்டக் கிடைத்த முந்நூற்றைம்பது போல வெண்கலப் பௌத்தப் படிமங்களில் உச்சி மேட்டின் மேல் தீச்சுடர் எழும்பி நிற்கும். தாய்லாந்துத் தலையை விற்கிற கடை எதிலும் இந்தச் சுடர்ப் புத்தரின் நகலை நான் கண்டதில்லை.

இத்தனைக்கும் சிலை என்றால் சாமி, சாமி என்றால் விதி என்று நாம் பயப்பட வேண்டிய ஊர் இல்லை இது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்கு ஒருதரம் போய்ப் பார்த்தால் போதும். நாயக்கர் காலத்துத் தூண்களில் ஒரு குறவன் இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பக்கத்தில் பிள்ளையோடு குறத்தி. அன்னத்தின் மேல் ரதி. அவர்களுக்குப் பூசையில்லை, நைவேத்தியம் இல்லை. கண்ணுக்கும் கதைக்கும் செய்தவை, வழிபடும் மூர்த்தி உள்ளே கருவறையில் தனியாக இருக்கிறது. அழகுக்குச் சிற்பம் வைப்பது தாமிரபரணிக் கரைக்கு நாயக்கர் கொண்டுவந்ததும் இல்லை. ஆதிச்சநல்லூரில் 1899 தொடங்கி தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த வெண்கலக் கலங்களின் மூடிகளில் சின்னச் சின்ன விலங்குகளும் பறவைகளும் நிற்கின்றன. மூடியைப் பிடித்துத் தூக்க ஒரு குமிழ் போதும், அங்கே எருமையை நிறுத்தியவன் கை சும்மா இருக்கமாட்டாத கை.

இதில் ஒரு வேடிக்கை நடராஜர். நெல்லையப்பர் கோயில் தாமிர சபை அவர் ஆடுகிற ஐந்து சபைகளில் ஒன்று. ஆனாலும் “ஆடுற சாமியை வீட்ல வைக்காத, வீடும் ஆடும்” என்று இங்கேதான் சொல்வார்கள். ஜெனீவாவில் அணுத்துகள் ஆராய்ச்சி நடக்கிற செர்ன் வளாகத்தில் 2004 முதல் இரண்டு மீட்டர் உயர நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிறார், இந்தியா கொடுத்தது. பின்வலக் கையில் உடுக்கை, படைப்பின் ஓசை. பின்னிடக் கையில் தீ, ஒடுக்கம். முன்வலக் கை அபயம். முன்னிடக் கை யானைத் துதிக்கை போல வளைந்து, தூக்கிய பாதத்தைக் காட்டுகிறது, வழி அதுதான் என்று. காலடியில் மிதிபடும் முயலகன் ஆணவத்தின், அறியாமையின் உருவம். முயலகன் என்பது தமிழில் வலிப்பு நோய்க்கும் பெயர். திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் தீர்த்ததாகச் சொல்லும் நோய் அதுவே. சிலேடை சீனத்தில் மட்டும் விளைவதில்லை.

வாங்கப் போகிறவர்கள் பொம்மையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கடையில் ‘ஸ்டோன்’ என்று விற்பதில் பெரும்பாலானது கல்தூள் கலந்த ரெசின், ரப்பர் அச்சில் ஊற்றி எடுத்தது. பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு விரலில் தட்டுப்படும், நகத்தால் சுண்டினால் டொக்கென்று செத்த சத்தம் வரும். சுவாமிமலை வார்ப்பு வேறு சாதி. முதலில் மெழுகில் உருவம், அதன்மேல் காவிரி வண்டல் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைப்பார்கள். அச்சு உடைந்துபோவதால் ஒன்று போல் இன்னொன்று அமையாது. அவ்வளவு செலவுக்கு மனமில்லையென்றால் மயிலாடியில் கல்லில் செதுக்குகிறார்கள், காருகுறிச்சியில் மண்ணை வனைகிறார்கள். காருகுறிச்சி மண் விளக்கு ஒன்று என் மேசையில் இருக்கிறது. வனைந்தவரின் விரல் தடம் அடியில் அப்படியே பதிந்திருக்கிறது.

அன்றைக்கு ஆமை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மச்சான் முகம் சுருங்கக்கூடாதென்று வீட்டுக்காரி அதை மாடிப்படி அடியில், செருப்பு அலமாரிக்கு மேல் கொண்டுபோய் வைத்தாள். வாசலுக்கு உள்ளேயுமில்லை, வெளியேயுமில்லை. பந்தியில் கூட்டு, அவியல், பருப்பு, பாயசம் எல்லாம் வந்தன. வடை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த பையன், “ஆமவடை, ஆச்சி?” என்று குனிந்தான்.

“ரெண்டு போடு” என்றாள் ஆச்சி.